முட்டி போட்டு வருகிறேன் தாயே

அப்பா போனதிலிருந்து அம்மா அழவே இல்லை. தூங்கவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளைப் பார்ப்பாள், படுப்பாள், மறுபடி எழுவாள். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்த அன்றே நானும் மாதாவிடம் சொல்லிவைத்தேன்: ஒரு ராத்திரி அம்மா முழுசாகத் தூங்கட்டும், வேளாங்கண்ணிக்கு வந்து முட்டி போட்டு நடக்கிறேன். நான்காவது மாதம் தூங்கினாள். அத்தை மாதா செய்த புதுமை, அற்புதம் என்கிறார், தம்பி மாத்திரை என்கிறான். எனக்கு இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததுதான்.

செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து ஜூலையிலேயே போனோம். போன நாள் சனிக்கிழமை, அப்புறம் கேட்கவா வேண்டும்! பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே ‘ரூம் வேணுமா’ என்று பையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு மெழுகுதிரிக்காரர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆள் உயரத் திரி ஏற்றினால்தான் கேட்டது கிடைக்கும் என்றார். கோயில் வாசலிலேயே இப்படிப் பேச மனசு வருகிறது பாருங்கள்.

மறுநாள் வெளுக்குமுன்பே மாதா குளம் போகும் மணல் பாதையில் முட்டி போட்டேன். பாதி வழியில் முட்டி எரிந்தது, சுடிதாருக்குள் மணல். கூடவே நடந்த அம்மா சட்டென்று தன் தோள் துண்டை உருவி இரண்டாகக் கிழித்தாள். "எருமை, முட்டியில எதையாவது சுத்திக்கிட்டு வரணும்னு தெரியாதா?" குனிந்து கட்டிவிட்டாள். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "கால் நடக்காத, மோர் வித்த பையனுக்கு இங்கதான் மாதா காலைக் குடுத்தா. நீ இருக்கறதையும் ஒடைச்சுக்கிட்டுப் போகப்போற" என்றாள்.

ஒரு வருஷமாக என்னைத் திட்டாத அம்மா! மணலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பூசை முடிந்து, மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டும் மன்றாட்டுமாலை சொன்னார்கள். ‘வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே’ வரை அம்மாவின் குரல் கேட்டது. ‘கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே’, துன்பப்படுவோருக்கு ஆறுதலே, என்றபோது கேட்கவில்லை. திரும்பினேன். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். மாதாவுக்கு அன்று நீலப் பட்டு. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை. அம்மாவின் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்ட பாதிரியார், "ஜெபம் பண்ணுங்க, மாத்திரையையும் நிறுத்திடாதீங்க" என்றாராம். அதையும் அம்மாவே சொன்னாள்.

ஆரோக்கியத் தாயே, உமக்கு நான் என்ன கொடுப்பேன்! காணிக்கையில் தென்னங்கன்று ஒன்று பாக்கி இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவருகிறேன். திரும்பும் பஸ் நாகப்பட்டினத்தைத் தாண்டுமுன்பே, ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க, அம்மா தூங்கிவிட்டாள்.