டார்கெட் பிஸ்டல்: முதலில் கைப்பிடி, ட்ரிக்கர் அப்புறம்

கோலாலம்பூர் வட்டாரத்து கிளப்களில் .22 (0.22 அங்குலக் குழல்) செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் பழகுகிறவர்கள் சில மாதத்திலேயே கேட்பது, "ட்ரிக்கரை லேசாக்க முடியுமா?" என்பதுதான். கைப்பிடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வேலை தொடங்க வேண்டிய இடமோ அதுதான். 25 மீட்டர் போட்டியின் வேகச் சுற்றில் இலக்கு 3 வினாடிதான் தெரியும். தாழ்த்திய கையை உயர்த்திச் சுட்டு முடிக்க வேண்டும். சைட்டை (குறிபார்க்கும் முனையை) தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது? கைப்பிடி பொருந்தினால்தான் அது தானாக நேரே வந்து நிற்கும்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே ஏர் பிஸ்டல்கூட ஆயுதம்தான். லைசென்ஸும் கிளப் ஆயுத அறைப் பொறுப்பாளரின் சம்மதமும் இல்லாமல் ஒரு திருகையும் தொடாதீர்கள்.

கைப்பிடி கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, போல்டை (முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கட்டையை) இழுத்து, சேம்பரை (தோட்டா அமரும் குழியை) கண்ணால் பார்த்துக் காலி என்று உறுதி செய்யுங்கள். சுடும் மேடையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை இலக்கை நோக்கி உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் ஒதுங்கினால், உள்ளங்கையின் அடிமேடு படும் வலது பின்பகுதியில் புட்டி (பூசி மேடாக்கும் பசை) ஏற்ற வேண்டும்; வலப்பக்கம் ஒதுங்கினால் அதே இடத்தைத் தேய்க்க வேண்டும். முன் சைட் மேலே தூக்கி நின்றால் கைப்பிடியின் முதுகில் மேல்பகுதிக்குப் புட்டி, கீழே அமுங்கினால் முதுகின் அடிப்பகுதிக்கு. இதை மாற்றிச் செய்துவிட்டு மரத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய.

புட்டிக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இரண்டு பாக இப்போக்சி புட்டியே போதும். கைப்பிடியைப் பிஸ்டலிலிருந்து கழற்றிய பிறகே தேய்க்க வேண்டும், மரத்தூள் ட்ரிக்கர் பெட்டிக்குள் போனால் தலைவலி. 80 நம்பர் மணல்தாளால் பழைய எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டி எடுங்கள். எண்ணெய் மேல் வைத்த புட்டி வியர்வை பட்டதும் ஓடுபோல் பெயர்ந்து வரும். 2 மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாமல், கையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு அழுத்திப் பதியுங்கள். காயாத புட்டி தோலை அரிக்கும். நம்ம ஊர் வெக்கையில் கை வீங்கும் என்பதால், ஏசி அறையில் கச்சிதமாக இருந்த பிடி ரேஞ்சில் இறுக்கும். பயிற்சியின் நடுவில் அளவு பார்ப்பதே நல்லது.

ட்ரிக்கர் விரலின் பக்கவாட்டில் மரம் படவே கூடாது. பட்டால் விரல் ட்ரிக்கரை நேர் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும்; குண்டு விலகிப் போகும். அந்த இடத்தை மட்டும் தாராளமாகக் குடைந்துவிடுங்கள். கட்டைவிரல் தாங்கி போல்டின் வழியில் குறுக்கிடுகிறதா என்றும் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், உரசினால் ஜாம்தான். மணிக்கட்டு தளர்ந்தாலும் போல்டு முழுதாகப் பின்னுக்குப் போகாமல் நிற்கும், அதற்குப் பழியை ஸ்பிரிங் மேல் போடாதீர்கள்.

விதிக்கும் ஓர் எல்லை உண்டு. ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) போட்டியில் கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. உள்ளங்கைத் தாங்கி கைப்பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும், மேல்நோக்கி வளையவும் கூடாது. பிஸ்டல் முழுதும் 300 × 150 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டியை அள்ளி அப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த 50-இல்தான் மாட்டுவார்கள்.

இப்போது ட்ரிக்கர். 25 மீட்டர் .22-க்கு ட்ரிக்கர் இழுவை குறைந்தபட்சம் 1000 கிராம் இருக்க வேண்டும். காக் செய்த (சுடும் நிலைக்கு இழுத்து வைத்த) பிஸ்டலின் குழல் செங்குத்தாக இருக்க, எடைக்கல்லை ட்ரிக்கர் தாங்கித் தூக்க வேண்டும். சரியாக 1000-இல் வைத்தால் தேய்மானத்தில் சற்று இறங்கி, சோதனை மேசையில் தோற்கும். 1030, 1050 என்று விட்டுவையுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த திருகைத் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சியர் (ட்ரிக்கரை இழுக்கும்வரை சுடும் பொறியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) முனையைத் தேய்ப்பதெல்லாம் உரிமம் பெற்ற ஆர்மரர், அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவர், வேலை. தவறாகத் தேய்த்தால் ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா வெடிக்கலாம்.

சைட்டைக் கடைசியில் தொடுங்கள். கைப்பிடி மாறியதுமே குண்டு விழும் இடமும் நகரும் என்பதால், சைட் திருகை எத்தனை க்ளிக் திருப்பினோம் என்ற பழைய கணக்கு செல்லாது. ஐந்து தோட்டா சுட்டு, ஐந்து ஓட்டைகளின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒற்றை ஓட்டையைத் துரத்தாதீர்கள்.