மதுரை – தேனி சாலையில் கேரவன் ட்ரெய்லர்: கிளம்பும் முன் ஹிட்ச் வேலை

மதுரையிலிருந்து தேனிக்கு 75 கிலோமீட்டர் சொச்சம். நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85. பின்னால் 1,400 கிலோ கேரவன் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு போவதென்றால், முக்கால்வாசி வேலை மதுரையை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஹிட்ச் என்பது வண்டியின் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டும் இணைப்பு. ட்ரெய்லரின் மூக்கு அதிலிருக்கும் இரும்புப் பந்தில் உட்கார்ந்ததும் வண்டியின் வால் தாழும். பட்டறையில் கேட்டால், "பின்னால ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டா சரியாயிரும் சார்" என்பார்கள். வால் நிமிரும்தான். ஆனால் முன் சக்கரம் இழந்த பாரம் திரும்பாது. பந்தை அழுத்தும் மூக்குப் பாரம் 168 கிலோ (ட்ரெய்லர் எடையில் 12%), இரு அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சில் 67 கிலோ குறையும், பின் அச்சில் 235 கிலோ ஏறும். எத்தனை பட்டை போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஸ்டியரிங் லேசாவதும், முன் பிரேக்கின் பிடி குறைவதும் இதனால்தான்.

எடை பகிரும் ஹிட்ச் இதைத்தான் சரிசெய்கிறது. பந்தைத் தாங்கும் ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் பார்கள் பின்னோக்கி ட்ரெய்லரின் முக்கோணச் சட்டத்துக்கு அடியில் போகும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்துக் கட்டினால், அந்த நெம்புதல் பாரத்தை முன் அச்சுக்கும் ட்ரெய்லர் அச்சுக்கும் தள்ளும். பந்திலிருந்து ட்ரெய்லர் அச்சு 4 மீட்டர் என்றால், முன் அச்சுக்கு 34 கிலோ திரும்பும்போது ட்ரெய்லர் அச்சுக்குச் சுமார் 20 கிலோ போகும். பின் அச்சில் சுமார் 54 கிலோ இறங்கும். ஆனால் வண்டியின் இழுவைத் திறன் இதனால் ஒரு கிலோகூடக் கூடாது. சில வண்டிக் கம்பெனிகள் இந்த ஹிட்ச்சையே கூடாது என்கின்றன. கையேட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

முதலில் எடை மேடை. ஊர் சுற்றுப்பட்டில் அரிசி ஆலை, கல் குவாரிப் பக்கமெல்லாம் இருக்கிறது. வண்டியைத் தனியாக நிறுத்தி ஒரு எடை. பிறகு ட்ரெய்லரைப் பூட்டி, பார்களை மாட்டாமல், வண்டியின் நாலு சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு எடை. வித்தியாசம்தான் மூக்குப் பாரம். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் சிலிண்டரும் பயணத்தில் எப்படி இருக்குமோ அப்படியே நிறுத்துங்கள். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால், மூக்கில் 25 கிலோ குறைந்துவிடும். பார்களை இந்த அளவுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும். தேவைக்கு மேல் விறைப்பான பார் சட்டத்தைக் குலுக்கி எடுக்கும். பந்திலும் கவனம்: 50 மி.மீ. பந்தும் 2 அங்குலப் பந்தும் (50.8 மி.மீ.) ஒன்றல்ல. பந்தைக் கவ்வும் மூக்குப் பூட்டான கப்ளரில் பொறித்திருக்கும் அளவுதான் கணக்கு.

அளப்பதற்குச் சமதளம் வேண்டும். நெற்களம் பார்க்கச் சமமாகத் தெரியும், ஆனால் மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். வண்டியைத் தனியாக நிறுத்தி முன் சக்கர வளைவின் உயரத்தை அளக்கவும்: 88 செ.மீ. என்று வைப்போம். பார் இல்லாமல் பூட்டினால் 90 ஆகும். பார்களை மாட்டியபின் 89க்கும் 88க்கும் நடுவில் வர வேண்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்று வண்டிக் கையேட்டில் இருந்தால் அதுவே முடிவு. 88க்குக் கீழே போனால் இழுப்பு அதிகம். பின் சக்கரம் பிடி இழந்து வழுக்கும்.

சங்கிலியைக் கையால் இழுத்து மாட்டப் பார்க்காதீர்கள். கப்ளரைப் பூட்டி, அது திறக்காமல் பூட்டு ஊசி (பின்) போட்டு, மூக்கு ஜாக்கியால் ட்ரெய்லர் மூக்கையும் வண்டி வாலையும் சேர்த்துத் தூக்கினால் சங்கிலி தளர்வாக ஏறும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை கண்ணி. ஒரு கண்ணி மாற்றினால் இழுப்பு எகிறுகிறதா? ஹிட்ச் தலையின் சாய்வை வாஷர் கூட்டியோ குறைத்தோ திருத்துவதுதான் சரி. கடைசியில் ட்ரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு இம்மி தாழ்ந்து நிற்க வேண்டும்.

செக்கானூரணியில் நிறுத்தி நட்டுகளையும் சங்கிலியையும் பாருங்கள். புதிதாக மாட்டியது முதல் சில கிலோமீட்டரில் படிந்து உட்காரும், நட்டு தளரக்கூடும். உசிலம்பட்டியில் கூட்டமும் வேகத்தடையும் உண்டு, மெதுவாகக் கடந்தால் போதும். செங்குத்தான சரிவில் ஏறும்போதுதான் ஆபத்து. வண்டி மேலேயும் ட்ரெய்லர் தரையிலுமாக நடுவில் மடங்கும்போது பார்கள் அளவுக்கு மீறி இறுகும். அப்படி ஒரு இடம் வந்தால் சங்கிலியைக் கழற்றிவிட்டு நகர்த்துங்கள். ட்ரெய்லர் வால் ஆடாமல் தடுக்கும் உராய்வுப் பட்டை வகை ஆட்டத்தடுப்பி இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் முன் அதையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வளைந்துவிடும்.

கணவாய் தாண்டினால் ஆடிக் காற்று. காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ட்ரெய்லர் வால் ஆட ஆரம்பித்தால் வண்டி பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். ட்ரெய்லர் பிரேக்கைத் தனியாகக் கையால் இயக்கும் கண்ட்ரோலர் இருந்தால் அந்த பிரேக்கை மட்டும் லேசாகப் போடலாம். அடங்கியதும் ஓரங்கட்டிச் சாமானை முன்னால் நகர்த்துங்கள். பின்பாரமான ட்ரெய்லரை எந்த ஹிட்ச்சும் திருத்தாது. தேனிக்கு மேலே போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இந்த நீளத்தோடு ஏற வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

தேனியில் கழற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை, பிறகு ஜாக்கியால் தூக்கல், பிறகு பார், கடைசியாகத்தான் கப்ளர். இறுகிய பாரை ஜாக்கி இல்லாமல் நெம்பினால் கைப்பிடிக் குழாய் தெறித்து முகத்தில் அடிக்கும்.