வண்டி ஸ்டார்ட் ஆகாத அந்த நிமிஷம்

இருபத்திரண்டு வருஷமாகக் கும்பகோணத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும் தை, மாசிதான் எங்களுக்கும் அறுவடை. வலங்கைமான், பாபநாசம் பக்கமெல்லாம் ப்ரபோசல் ஃபாரத்தோடு சுற்றிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், பழைய கறுப்பு வெள்ளை நுவார் படம் ஒன்றைப் போட்டுக்கொள்வேன். நுவார் என்றால், ஆசையில் தப்புக்குள் இறங்குகிறவர்களின் இருண்ட குற்றக் கதை. புத்தகமும் அதே ரகம்தான்.

கொலையாளி யார் என்று கடைசியில் அவிழ்க்கிற கதைகளை என்னால் இரண்டாம் தடவை படிக்க முடிவதில்லை. நுவாரில் அந்த முடிச்சே முக்கியமில்லை. பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) தொடக்கத்திலேயே கொன்றவன் வாக்குமூலம் கொடுத்துவிடுகிறான். அவனும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான்! ஜேம்ஸ் எம். கெய்ன் 1936இல் பத்திரிகைத் தொடராக எழுதிய கதை அது. விபத்தில் செத்தால் இரண்டு மடங்கு பணம் என்ற ஷரத்தைச் சுற்றி நடப்பது. நாங்கள் இன்றைக்கும் சேர்த்து விற்கிற ஆக்சிடென்ட் பெனிஃபிட்.

அந்த ஏஜென்டும் ஒருவனின் மனைவியும் சேர்ந்து, கார் பாலிசியின் நகல் என்று நம்பவைத்து அவள் கணவனிடம் கையெழுத்து வாங்குவார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் ஜனங்கள் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறார்கள்? பேனாவை நீட்டுகிறவன் முகத்தைப் பார்த்துப் போடுகிறார்கள்.

பிறகு அந்தக் காட்சி. பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு இரண்டு பேரும் காரில் ஏறுகிறார்கள். வண்டி இழுக்கிறது, பற்றவில்லை. மறுபடியும் இழுக்கிறது. “ஸ்டார்ட் ஆகேன்டா” என்று என் வாய் முணுமுணுத்துவிட்டது. பற்றியதும் மூச்சு விட்டேன். அப்புறம்தான் உறைத்தது, செத்தவனைப் பற்றி நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. நம்மை நமக்கே இப்படிக் காட்டிக்கொடுக்க வேறெந்த வகைக் கதையாலும் முடிந்ததில்லை. தமிழில் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) கொஞ்சம் பக்கத்தில் வரும். பாட்டே கிடையாது, எடுத்த எடுப்பில் சிவாஜி சுடப்பட்டு விழுவார். அதையும் வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பேன்.

இரண்டு வருஷம் முன்னால், மாசி மாதம். டார்கெட்டுக்கு ஒரு பாலிசி குறைந்தது. வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில், கணவர் பெயருக்குப் பத்து லட்சம். உடம்பைப் பற்றிய கேள்விகளுக்கு வந்தபோது அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, “தம்பி, சுகர்னு மட்டும் போடாதீங்க” என்றார். கணவர் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று வருஷம் இவர் தாங்குவாரா என்று கொல்லைப்பக்கம் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஃபாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு ராத்திரி படம் எதுவும் போடவில்லை. காலையில் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டிப் போய், “அக்கா, சுகர்னு எழுதித்தான் அனுப்ப முடியும்” என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. காபி வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அவர்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் வேறொரு ஏஜென்டின் காலண்டர் தொங்கியது. கணவர் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.