கல்லடி, மட்டக்களப்பு, வாடை மாதங்கள், 2023

ஒக்டோபர் 6

காலையில் மகரகம ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா பேசினார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதற்குள், "காருக்கு மேலே என்ன போட்டிருக்கிறாய் மகள்?" என்றார். ஒன்றும் போடவில்லை என்றேன். தொலைபேசியைத் தம்பி வாங்கிக்கொண்டான். "ஏதோ போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள் அக்கா. நேற்றிலிருந்து வார்டில் இதே கேள்விதான்."

சொல்லலாம். உடனே என்ன நிறம், என்ன துணி என்று கேட்பார்.

ஒக்டோபர் 8

பானெட்டில் காக்கை எச்சம். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு, ஒற்றி எடுத்தேன். எச்சத்தில் இருக்கும் அமிலம் வெயில் சூட்டில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அடியில் ஒரு மங்கல் வட்டம் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினால் காக்கை, வெளியே எடுத்தால் வெயில். மரத்தை வெட்ட அம்மா சம்மதிக்கமாட்டார். நானும் கேட்கப் போவதில்லை.

அப்பாவின் பயம் காக்கையும் அல்ல, வெயிலும் அல்ல. உப்பு. வீட்டிலிருந்து கடற்கரைக்கு இரண்டு தெருதான். கச்சான் வீசும் மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது, அதனால் பிழைத்தோம். வாடை தொடங்கிவிட்டால் கடலிலிருந்து நேரே முற்றத்துக்கு வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், படிந்த இடத்தைக் காயவிடாது. கதவின் அடிவிளிம்பில்தான் கறள் முதலில் தெரியும்.

ஒக்டோபர் 9

இரவு காய்ச்சல் இல்லையாம்.

ஒக்டோபர் 13

பள்ளிக்கூடம் முடிந்து, காருக்குக் கவர் பார்க்க ஸ்கூட்டியில் காத்தான்குடிக்குப் போனேன். கடைக்கார நானா விலையைச் சொல்லும் முன் என்னிடம் கேட்டார்: "கூரைக்குக் கீழே நிற்கிற காரா தங்கச்சி, வெறும் வெளியா?" இந்தக் கேள்விக்காகவே அவரிடம் வாங்கலாம்.

வெள்ளிப் பூச்சுப் போட்ட மெல்லிய பொலியெஸ்டர் வெயிலைத் திருப்பிவிடும், தூசிக்கும் போதும். நல்ல மழையில் நனைந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். றெக்சீன் மாதிரியானது தண்ணீரை உள்ளே விடவே விடாது. விலையும் குறைவு. மூன்றாவது, பல அடுக்குத் துணி. வெளியே நீர் வழிந்துவிடும், உள்ளே மெத்தென்ற பஞ்சு. ஆவி மட்டும் அதனூடே வெளியேறும். அதன் விலையைக் கேட்டதும் தொட்டுப் பார்த்த கையை எடுத்துக்கொண்டேன்.

இரவு அப்பாவிடம் மூன்றையும் சொன்னேன். மூச்சு வாங்கியபடி கேட்டார்: "உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்கிறதா?" அதற்குப் பிறகு றெக்சீனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது!

ஒக்டோபர் 19

மாமா வந்து, கேட்காமலே நீலப் படங்கு ஒன்றைக் காரின் மேல் விரித்துக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். "ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது பிள்ளை." போகாதுதான். நேற்றுப் பெய்த மழையில் நிலம் ஊறிக் கிடக்கிறது, அந்த ஈரம் மேலே எழும்பினால் எங்கே போகும்?

தேத்தண்ணீர் குடிக்கும்போது காரை விற்கிற கதையைத் தொடங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், இன்னும் திறக்கவில்லை, எங்களுடையது போன்ற பழைய நிசான் சன்னிக்கும் இப்போது பொன்விலை, திறந்துவிட்டால் யார் கேட்பார்கள்? கணக்கில் பிழை இல்லை. அம்மா என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஒக்டோபர் 20

காலையில் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். உட்புறம் முழுக்க வியர்த்திருந்தது. கயிறு உராய்ந்து கூரை விளிம்பில் ஒரு கோடு. படங்கைக் கோழிக்கூட்டின் மேல் போட்டுவிட்டேன், கோழிகளுக்கு நல்லது.

ஒக்டோபர் 24

வாங்கிவிட்டேன். மூன்றாவதைத்தான். சீட்டுப் பணம் போயிற்று. அம்மாவிடம் பாதி விலை சொன்னேன்.

போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, சக்கர வளைவுகளுக்குள்ளும் பீய்ச்சி, கதவுகளைத் திறந்து உலரவிட்டேன். தூசியோடு மூடினால் ஒவ்வொரு காற்றுக்கும் கவரே உப்புத்தாளாக மாறிப் பெயின்ட்டைத் தேய்க்கும். பம்பர் முதல் பம்பர் வரை 14 அடி என்று முன்பே அளந்து வைத்திருந்தேன். ஆனாலும் பின்பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது. பக்கக் கண்ணாடிகளுக்குத் தனியாகப் பை தைத்திருக்கிறார்கள். வயிற்றுக்குக் கீழே போகும் பட்டிகளின் கொக்கி கதவில் இடித்தது. அப்பாவின் பழைய மருதமுனைச் சாரனைக் கிழித்துக் கொக்கிகளில் சுற்றினேன். கிழிக்கும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மிச்சத் துண்டை மடித்து அலுமாரியில் வைத்தார்.

ஒக்டோபர் 25

படம் எடுத்து அனுப்பினேன். "முன்பக்கம் பின்பக்கம் சரிதானா?" என்று மட்டும் கேட்டாராம்.

நவம்பர் 2

மழை. மழை. மழை.

நவம்பர் 5

இன்று அழைப்பு இல்லை. தம்பியும் எடுக்கவில்லை.

நவம்பர் 6

இரவு முழுவதும் கவர் படபடத்தது. தொளதொளப்பான பின்பக்கத்துக்குள் காற்று புகுந்து ஊதுகிறது, பிறகு அறைகிறது. எழுந்து போய் நடுப்பட்டியை இறுக்கினேன். திரும்பிப் படுத்தால் மறுபடி. மீண்டும் எழுந்து, டிக்கிப் பக்கம் மென்துணிப் பட்டி ஒன்றைச் சுற்றிக் கட்டினேன். கயிறு வேண்டவே வேண்டாம். குடை பிடிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று அம்மா கத்தினார். யாரும் பார்க்க வேண்டாம் என்று நானும் கத்தினேன்.

விடிந்ததும் தம்பி பேசினான். இரத்தம் ஏற்றினார்களாம். அதனால்தானாம்.

நவம்பர் 11

வெயில். கவரைக் கழற்றிக் கொடியில் இரண்டு பக்கமும் காயவைத்தேன். கதவுகளைத் திறந்து வைத்தேன், பூஞ்சணம் இல்லை. அப்பா சொன்னபடி பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். மழைக்காலத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி விட்டால் பின்சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். எலி மட்டும்தான் பயம். மூடிய காரை எலி தனக்குக் கட்டிய வீடு என்று நினைத்துக்கொள்ளும், வயரைக் கடிக்கும். பூனை பானெட்டின் மேல் கவரில் படுக்கிறது. நகம் பட்டாலும் பரவாயில்லை என்று விட்டிருக்கிறேன்.

அப்பாவின் குரல் தெளிவாக இருந்தது. சிரித்தார்கூட.

நவம்பர் 23

அம்மா இன்று சமைக்கவில்லை, பாணும் சம்பலும்தான். 1978-இல் இதே திகதியில்தான் சூறாவளி. வீட்டுக் கூரை பறந்ததையும் தென்னைகள் முறிந்ததையும் ஒவ்வொரு வருடமும் சொல்வார். இந்த வருடம் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2004 சுனாமியின்போது இந்தக் கார் பெயின்ட் வேலைக்காக மாமாங்கத்தில் ஒரு கராஜில் நின்றது, அதனால் தப்பியது. கடலில் மூழ்கி எழுந்த வாகனங்களைக் கழுவிக் கழுவி ஓட்டியவர்கள் உண்டு. எல்லாம் உள்ளிருந்தே உக்கிப் போயின. அதன் பிறகுதான் அப்பாவுக்கு உப்பு என்றால் இந்தப் பாடு.

நவம்பர் 30

மாமா ஓர் ஆளோடு வந்தார். "கவரைக் கழற்று பிள்ளை, பார்த்துவிட்டுப் போகட்டும்." மழை தூறுகிறது, ஈரத்தில் கழற்றிப் போட்டால் மண் ஒட்டும், பிறகு பெயின்ட்டில் கீறும் என்றேன். உண்மைதான். வந்தவர் கவரின் விளிம்பைத் தூக்கி டயரைப் பார்த்தார். நான் போய் அந்த விளிம்பை இழுத்துவிட்டேன். மாமா போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

டிசம்பர் 4

வாவி ஏறிவிட்டது. தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லித் தாழ்ந்த பகுதி ஆட்கள் கேட்கிறார்கள். எங்கள் தெரு மேடு. இருந்தாலும் ஒழுங்கையின் தண்ணீரை அளக்கச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டேன்.

டிசம்பர் 5

கோட்டுக்குக் கீழே.

டிசம்பர் 9

இரவு பத்தரைக்குத் தம்பி. "அக்கா, கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். "மகரகம வரை?" ஏன் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சாரதி ஒருவரைத் தேடுகிறேன் என்றான்.

பற்றரி சார்ஜ் போட வேண்டும். டயருக்குக் காற்று. காரின் வருமான அனுமதிப்பத்திரம் எந்த மாதம் வரை என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் விடியற்காலையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் கவரைக் கழற்ற வேண்டும். மழை இன்னும்