லட்சம் வீடு முகங்கள்: சுவருக்கு ஒரு படம்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் லட்சம் வீடு காலனிக்காரர்களைச் சார்க்கோலில் வரைந்து வருகிறேன். இதுவரை ஆளுக்கொரு படம். இனிமேல் சுவருக்கொரு படம்.

1972இல் முதலமைச்சர் அச்சுத மேனன் ஆட்சியில் அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் முன்நின்று தொடங்கிய வீட்டுத் திட்டம் இது. பல இடங்களில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவரை விட்டுவிட்டு இவர்கள் கதையைச் சொல்ல முடியாது என்று ஒரு பாட்டியை வரையும்போதுதான் புரிந்தது.

"அவளுக்கு நடுராத்திரி வலி வந்துடுச்சு. சுவத்தத் தட்டுனா. நான் எந்திரிச்சு ஓடுனேன் கண்ணு." அப்படிப் பிறந்த பையன் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். சரி என்று, அன்றைக்குச் சுவரைத் தட்டிய பக்கத்து வீட்டு அக்காவையும் உட்காரச் சொல்லி, இருவரையும் ஒரே தாளில் வரைந்தேன்.

வெளிச்சம் வாசல் வழியாக மட்டுமே வரும். பாதி முகம் இருட்டில் போய்விடும். அந்த இருட்டுப் பாதி இருவருக்குமே சுவர்ப் பக்கம் வருகிற மாதிரி உட்கார வைத்தேன். நடுவில் கரித்தூளைத் துணியால் தேய்த்துப் பரப்பி, பிசைந்து உருட்டும் ரப்பரால் காரை பெயர்ந்த இடங்களை ஒற்றி எடுத்தேன். கண்களைக் கடைசியில்தான் தொட்டேன். பேசும்போது பாட்டியின் இடது புருவம் மேலே ஏறும். போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

படத்துக்குக் கீழே அவர்கள் சொன்னதை எழுதுகிறேன். எழுதுவதற்கு முன் வாசித்துக் காட்டுவேன். மருமகளைப் பற்றிய ஒரு வரியைப் பாட்டி எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். கதை அவருடையது.

கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும். கேரள அரசின் வீட்டுத் திட்டமான லைஃப் மிஷனில் 4 லட்சம் ரூபாய் கிடைத்து ஒன்றிரண்டு குடும்பங்கள் பழையதை இடித்துத் தனி வீடு கட்டத் தொடங்கிவிட்டன. எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவர்கள், அவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். சுவர் போவதற்குள் வரைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது மூலை வீட்டு அண்ணன். சித்தூர்த் தென்னந்தோப்புகளில் கள் இறக்கியவர். மரம் ஏறி ஏறி நெஞ்சில் காய்த்துப்போன தழும்பை வரைய ஆசைப்பட்டேன். அவரோ வெள்ளைச் சட்டை போட்டுத்தான் உட்காருவேன் என்கிறார். சட்டையோடுதான் வரையப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்.