அயர்லாந்துக்காரர் வேர் தேடும் வரிசையும் நம் வீட்டுப் பெட்டகமும்

பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர் பக்கம் பிறந்து வளர்ந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பிள்ளைகள் செட்டிநாட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது, "ஐயாவோட அப்பச்சி (தாத்தாவின் அப்பா) எந்த வருசம் கப்பல் ஏறினாக?" என்பதுதான். நாலு நாள் லீவில் வந்து, வயதான ஆச்சிமார் ஒன்றிரண்டு பேரிடம் பேசி, கோயிலில் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தகவல் இருக்கிறது. எதை முதலில் தேட வேண்டும், எதை அடுத்துத் தேட வேண்டும் என்ற வரிசைதான் தெரியவில்லை.

அந்த வரிசையை நன்றாகப் பழக்கி வைத்திருப்பவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பஞ்சம் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கு மேலும் ஒரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841-இல் 82 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை 1851-இல் 65 லட்சம் சொச்சம். பாஸ்டன், நியூயார்க், லிவர்பூல், மெல்போர்ன் என்று சிதறினார்கள். வெஸ்ட்மீத், லாங்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பகுதிக்காரர்கள் அர்ஜென்டினாவுக்குப் போய் ஆடு வளர்த்தார்கள். கனடாவின் கிராஸ் ஐல் தீவில் கப்பல் காய்ச்சலில் இறந்து புதைக்கப்பட்டவர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல்.

இத்தனை பேரின் ஊர்க் கணக்கும் டப்ளினில் ஒரே கட்டடத்தில் இருந்தது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் முதல் சண்டையில், ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி, உயில்கள், அயர்லாந்துத் திருச்சபை என்னும் புராட்டஸ்டன்ட் சபையின் பதிவேடுகளில் பாதி போயிற்று. எல்லாமே அந்தத் தீயில் போனதாகச் சொல்வார்கள், அது சரியல்ல. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. வீடு வீடாக முழுசாகக் கிடைக்கிற பழைய கணக்குகள் 1901, 1911 இரண்டும்தான்.

அதனால் அவர்கள் தேடலை அயர்லாந்தில் தொடங்குவதில்லை. போய் இறங்கிய நாட்டில் தொடங்குகிறார்கள். ஆஸ்திரேலிய இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தாய் தந்தை பெயரும் பிறந்த இடமும் இருக்கும். கல்லறைக் கல்லில் சில சமயம் ஊர் இருக்கும். பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமல் போன உறவினரைத் தேடும் விளம்பரங்களைப் போட்டுவந்தது. அண்ணனைத் தேடும் தங்கை, அவன் எந்தப் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), எந்தச் சிற்றூர், எந்தக் கப்பல், கடைசியாக எந்த ரயில்பாதை வேலையில் இருந்தான் என்று அதில் எழுதியிருப்பாள். கார்க் கவுண்டி (மாவட்டம்) என்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் நடக்காது. அயர்லாந்தில் டவுன்லேண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. அந்தப் பெயர் கையில் கிடைத்தால்தான் ஊர்ப்பக்க ஆவணம் திறக்கும்.

நமக்கும் இதே சிக்கல்தான். மலாயா, பர்மா காகிதங்களில் 'ராம்நாடு ஜில்லா' என்றோ, பக்கத்துப் பெரிய ஊரான தேவகோட்டை என்றோதான் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு இங்கே வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? விமானம் ஏறுமுன் மூன்று சங்கதி கையில் வேண்டும்: ஊர், கோயில், கடை விலாசம். கோயில் என்றால் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரத்தார் கோயில்களில் உங்கள் குடும்பம் எதைச் சேர்ந்தது என்பது. விலாசம் என்றால் கடைப் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள். அங்கே ஆங்கிலத்தில் ஆர்எம் என்று இருப்பது இங்கே ராம., பிஎல் என்பது பழ., ஏஆர் என்பது அரு., எஸ்பி என்பது சுப. எழுத்துக் கூட்டி மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள். ஐரிஷ் பெயர்களில் முன்னால் வரும் ஓ, மெக் இரண்டும் ஒரு காகிதத்தில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. அங்கே தேடுகிறவர்கள் இரண்டு விதமாகவும் தேடுவார்கள்.

பெயர்க் குழப்பமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அயர்லாந்தில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயர் என்பது பழைய வழக்கம். நகரத்தாரிடமும் மூத்த பிள்ளைக்கு ஐயா (தகப்பனைப் பெற்றவர்) பேரை விடுவதுதான் முறை. விளைவு, ஒரே வளவில் (கூட்டாக வாழும் வீட்டில்) ஒரே காலத்தில் மூன்று ராமநாதன். இவர்களைப் பிரிக்க மனைவியின் பிறந்த ஊரும் அவர் வீட்டுக் கோயிலும்தான் உதவும். அதற்கு முதலில் தேட வேண்டியது இசைகுடிமானம். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் அந்த ஒற்றைத் தாளில் தேதி, மாப்பிள்ளை, பெண், அவர்கள் தகப்பன்மார், ஊர், கோயில் எல்லாம் இருக்கும். அடுத்தது கோயில் பதிவு. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வருகிறதே, அதோடு அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறார்கள். கணவனோ மனைவியோ போனபின் அது அரைப்புள்ளி. முழுப்புள்ளி அரைப்புள்ளியாக மாறிய வருடம் தெரிந்தால் இறப்பு எந்தக் காலத்தில் என்று நெருங்கிவிடலாம்.

ஐரிஷ் நில மதிப்பீட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை உடனே புரியும். 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் நடத்திய மதிப்பீட்டில் டவுன்லேண்ட் வாரியாக நிலம் வைத்திருந்தவர், குத்தகைக்கு விட்டவர், பரப்பு, மதிப்பு எல்லாம் உண்டு. இணையத்தில் இலவசம். அதைவிட அருமையானது பின்னால் வந்த திருத்தப் புத்தகங்கள். பழைய பெயரை அடித்து மேலே புதுப் பெயர் எழுதி, ஒவ்வொரு முறைத் திருத்தத்துக்கும் வேறு நிற மை போட்டிருப்பார்கள். மை நிறத்தை ஓரத்தில் உள்ள வருடத்தோடு பொருத்தினால், அந்த மனிதர் இறந்தோ கப்பலேறியோ நிலத்தை விட்ட வருடம் வந்துவிடும்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். அயர்லாந்தில் 70 வயதானவர்களுக்கு 1909 ஜனவரியில் முதியோர் உதவித்தொகை வந்தது. 1901-இல் 55 என்று சொன்னவர் 1911-இல் 70 என்று சொல்வது சாதாரணம். சிவில் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியதால் அந்த முதியவர்களிடம் பிறப்புச் சான்று கிடையாது. 1841, 1851 கணக்கெடுப்பில் பேர் இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்த்துக் குறித்தார்கள். கணக்கெடுப்பு எரிந்துபோனாலும் அந்தக் குறிப்புப் படிவங்கள் தப்பின. 1864-க்குப் பிறகும் பதிவு தாமதமானால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிப் போட்டார்கள்; பிறந்த தேதிக்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகப் பதிவுகள் உண்டு. அப்படி வந்தால் ஞானஸ்நானத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. பல பதிவேடுகள் லத்தீனில் இருப்பதால் ஜேம்ஸை யாகோபுஸ் என்றும் வில்லியத்தை குலியெல்முஸ் என்றும் தேட வேண்டும். ஞானப் பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் தாய்மாமனோ சித்தியோதான்.

நம் பேரேடுகளில் தவறு வேறு இடத்தில் வரும். பிரபவ, விபவ என்று அறுபது வருடச் சுற்றில் எழுதியிருப்பார்கள். விபவ என்றால் 1868-69, 1928-29, 1988-89 மூன்றும் ஆகலாம். எந்தச் சுற்று என்பதை ரூபாய்த் தொகை, கப்பல், கடை இருந்த ஊர் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். வருடம் சித்திரையில் பிறப்பதால் 1928-இல் தொடங்கிய விபவ வருடத்துத் தை மாதம் 1929-இல் விழும். பலரும் ஒரு வருடம் பிசகுவது இங்கேதான். தமிழ் எண்கள் இன்னொரு கண்ணி: ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ போலவே இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். டப்ளினில் எரிந்த காப்பகத்தை டிரினிட்டி கல்லூரியின் தலைமையில் இணையத்தில் திரும்பக் கட்டி 2022 ஜூனில் திறந்துவைத்தார்கள். லண்டனிலும் மற்ற காப்பகங்களிலும் இருந்த நகல்களையும் குறிப்புகளையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். மூலம் போனபின் நகல்தான் காப்பாற்றியது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது ரங்கூன் முகல் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கிகளிலும் உள்ளூர்க் கடைகளிலும் எத்தனையோ பேரேடுகள் கைவிடப்பட்டன. அவற்றின் சாயல் இன்று இருப்பது கடையைப் பார்த்துக்கொண்ட மேலாள்கள் ஊருக்கு அனுப்பிய கடிதங்களிலும் கணக்கு நகல்களிலும், மூன்று வருடக் கணக்குக்குப் போன ஆட்களின் சம்பளச்சீட்டுகளிலும்தான். அவை கானாடுகாத்தானிலோ கோனாபட்டிலோ இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில் கிடக்கின்றன. பாகம் பிரிக்கும்போது வெள்ளியும் மரமும் கணக்கில் வரும், காகிதக் கட்டு வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளோடு பொருளாக அதுவும் போய்விடுகிறது. மனசு பொறுக்கவில்லை.

நகல் எடுக்கப் பெரிய செலவு கிடையாது. வளவு முற்றத்தை ஒட்டிய நிழல் வெளிச்சம் போதும். நேர் வெயிலும் ஃபிளாஷும் வேண்டாம். கட்டு இருக்கிற வரிசையைக் கலைக்காமல், ஊர், விலாசம், வருடம் எழுதிய துண்டுச் சீட்டை முதல் படமாக எடுங்கள். பிறகு மேலட்டை, அதன் பின் ஒவ்வொரு பக்கமும். தாள் மெலிதாக இருந்தால் அடியில் வெள்ளைத் தாள் வையுங்கள், பின்பக்க எழுத்து தெரியாது. எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பழுப்பேறி எழுத்தோடு பிய்ந்து வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வளைந்த ஏட்டுச் சுவடியை நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், அப்படியே படம் எடுங்கள். பெட்டியைச் சுவரோரமாகத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்தால் ஈரமும் கரையானும் ஏறுவது குறையும். படங்களை இரண்டு வேறு ஊர் வீடுகளில் வையுங்கள்.

சமையலுக்கும் கணக்கெழுதவும் தோட்ட வேலைக்கும் போன மற்ற சமூகத்தாருக்குப் புள்ளிக் கணக்கு இல்லை. அவர்கள் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, பழைய மொய் நோட்டு, நிலப் பத்திரம் என்று போக வேண்டும். செட்டியார் கடைப் பேரேட்டின் சம்பளப் பக்கத்திலும் அவர்கள் பெயர் இருக்கும். ஆகவே அந்தப் பேரேடு ஒரு குடும்பத்துச் சொத்து மட்டுமல்ல. வில்லங்கச் சான்று இணையத்தில் பிந்தைய வருடங்களுக்குத்தான் எளிதில் கிடைக்கும், மிகப் பழையதுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அவற்றுக்கு ராமநாதபுரம் பக்கம் தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

குடியுரிமைக்காகத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்து ஐரிஷ் குடியுரிமை பெறலாம். கொள்ளுப்பாட்டன் என்றால், உங்கள் தாயோ தந்தையோ நீங்கள் பிறக்குமுன் பதிவு செய்திருந்தால்தான் உண்டு. நம் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்குக் கொள்ளுப்பேரன் வரை விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அடுத்ததுக்கும் இடையில் சான்றிதழ் கேட்பார்கள். வாய்ச்சொல் செல்லாது.

அயர்லாந்தில் சில வருடங்களாக ஊர்க்காரர்களே தங்கள் பங்கிலிருந்து போனவர்களின் வாரிசுகளைத் தேடுகிறார்கள். அயர்லாந்து ரீச்சிங் அவுட் என்ற அமைப்பில் பங்குக்குப் பங்கு தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். நம் நகரத்தார் சங்கங்களுக்கு இது இன்னும் சுலபம், வரி வசூலிக்கும் புள்ளிப் பட்டியல் கையிலேயே இருக்கிறது. பட்டியலோடு ஒவ்வொரு வீட்டிலும் என்ன காகிதம் மிச்சம் என்ற ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். இந்த வருடப் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) எல்லாரும் ஊருக்கு வரும்போதே கேட்டு எழுதிவிடலாம்.