காலை வயிற்றுவலிக்கு மருந்து தேடியபோது

அக்கா குவைத்துக்குப் போனதிலிருந்து அவளுடைய மகன் திருகோணமலை உப்புவெளியில் எங்களோடுதான் இருக்கிறான். 13 வயது, தரம் 8. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் அவனுக்கு வயிற்றுவலியும் தொடங்கியது. வெள்ளைச் சட்டையைக் கையில் எடுத்தால் வயிற்றுக்குத்து, சத்தி வரப்பார்க்கிறது என்பான். பதினொரு மணிக்கு மேல் பிட்டுக் கேட்டுச் சாப்பிடுவான். சனி, ஞாயிறில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

அம்மம்மா செத்தல் மிளகாய் சுற்றிப் போட்டார், பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டிக்கொண்டு வந்தார். நான் மறுக்கவில்லை. அவருடைய மனத்துக்கும் ஒரு மருந்து வேண்டும்தானே. தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் கேஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார்கள். குளிசை முடிந்தது, வலி முடியவில்லை.

அப்புறம் பெரியாஸ்பத்திரி ஓபிடிக்குக் கூட்டிப் போனேன். இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. ரிப்போட்டைத் திருப்பித் தரும்போது அந்த இளம் டொக்டர் அவனைப் பார்த்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமையும் வலிக்குதா?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொய் சொல்லுறான் எண்டு நினைக்காதீங்க. பயம் வந்தா வயிறு உண்மையாவே வலிக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்து பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ரீச்சரைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் அந்த வேலை பெரும்பாலும் வேறு பாடமும் எடுக்கும் ஒருவர் தலையில்தான் விழும். அவருக்கு நேரம் இருக்கவில்லை, ஆனால் வழி தெரிந்திருந்தது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார், துண்டு கடிதம் எதுவும் வேண்டாம், காசும் இல்லை என்றார். எங்களுக்கு அது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் என்றால் அங்குள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் பேசலாம் என்று சொன்னார். முறைப்பாடு இருந்தால்தான் அவரிடம் போகவேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உளவளத்துணை உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். பள்ளிக்கூடம் போகாமல் பல வாரம் ஆகிவிட்டதால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் ஒரு தரம் காட்டிவிடுவது நல்லது என்று கடிதம் எழுதித் தந்தார். இந்தச் செய்தி வீட்டுக்கு வருவதற்கு முன்பே சொந்தத்துக்குள் பரவிவிட்டது. "விசர் டொக்டரிட்டயோ பிள்ளையைக் கொண்டு போறாய்? நாளைக்கு அவனுக்கு யார் பொண்ணு குடுப்பான்?" என்று மாமி ஒருவர் போன் எடுத்தார். கணக்குப் பாடத்தில் பாஸ் பண்ணட்டும், பொண்ணைப் பிறகு பார்ப்போம் என்றேன்.

கிளினிக் நாளன்று வரிசையில் இருந்தவர்கள் அதிகமும் மாத மருந்து எடுக்க வந்த பெரியவர்கள். ஒரு ஐயா தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். இவன் என் கையை இறுக்கிப் பிடித்து, "சித்தி, எனக்கும் இப்படி வருமா?" என்றான். எனக்கு வாயில் பதில் வரவில்லை. கிளினிக் கொப்பி எழுதிக்கொண்டிருந்த மிஸ்தான், "இங்க வாறவங்க எல்லாருக்கும் ஒரே வருத்தமில்ல தம்பி. காய்ச்சல் கிளினிக்குக்கு வந்தா எல்லாருக்கும் டெங்குவா?" என்று சிரித்தார்.

டொக்டர் முதலில் இருவரையும், பிறகு அவனைத் தனியாக, பிறகு என்னைத் தனியாகப் பார்த்தார். அவனிடம் என் முன்னாலேயே ஒன்று சொன்னார்: நீ சொல்வதை உன்னைக் கேட்காமல் சித்தியிடம் சொல்லமாட்டேன், உன் உயிருக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லுவேன். அதற்குப் பிறகுதான் அவன் வாய் திறந்தான் என்று நினைக்கிறேன். நித்திரை, சாப்பாடு, போன், பள்ளிக்கூடத்தில் யாராவது அடிக்கிறார்களா, கையைக் கிழித்துக்கொள்கிறானா, சாக நினைக்கிறானா என்று எல்லாம் நேராகவே கேட்டார். கடைசிக் கேள்வியில் எனக்குப் பதறியது. கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று விளக்கினார். குளிசை எழுதவில்லை.

காரணம் அடுத்தடுத்த தடவைகளில்தான், அவன் சம்மதத்தோடு எனக்குத் தெரிந்தது. அக்கா வேலை செய்யும் வீட்டு மெடம் காலையில் வெளியே போனபிறகுதான் அக்காவுக்குப் போன் கிடைக்கும். குவைத்தில் எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. விடுமுறையில் தினமும் அந்த நேரத்துக்கு அம்மாவோடு பேசிப் பழகிவிட்டான். ஒரு நாள் அக்கா அழுதுகொண்டே பேசியிருக்கிறாள், மெடம் ஏசினாராம். அன்றிலிருந்து, தான் வகுப்பில் இருக்கும்போது அம்மா எடுத்து, எடுக்க ஆளில்லாமல் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்திருந்தான்.

டொக்டர் அக்காவையும் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொன்னார். வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்பதால் அன்று பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் முன்னால் பேசினோம். தன் கஷ்டத்தை மகனிடம் கொட்டாமல் என்னிடம் சொல்வது, இரவில் குரல் பதிவு ஒன்று அனுப்பிவைப்பது, அதை அவன் காலையில் கேட்டுவிட்டுப் போவது, ஆறுதலாகப் பேசுவதை வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. அக்கா அழுதாள், அவளையும் கொஞ்ச நேரம் பேசவிட்டார்கள். அவள் மனத்தில் இருப்பதை அங்கே கேட்க யாரும் இல்லைதானே.

பள்ளிக்கூடத்துக்கு ஒரேயடியாக அனுப்பவில்லை. அவனையே ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள், எது எவ்வளவு பயம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு. சீருடை போடுவது 3, கேற் வரை போவது 5, முதல் பாடம் இருப்பது 6, இடைவேளை தாண்டி இருப்பது 9. கீழிருந்து ஒவ்வொன்றாக, ஒன்று பழகியபிறகு அடுத்தது. வீட்டில் நின்றால் போனும் டிவியும் இல்லை என்பது எனக்கான வேலை. இதில் அம்மம்மாவை வழிக்குக் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "பிள்ளை பாவம்" என்று றிமோட்டைக் களவாகக் கொடுத்துவிடுவார். கடைசியில் அவரையும் ஒரு நாள் கூட்டிப் போனேன். டொக்டர் சொன்னதும் கேட்டார். நான் சொன்னதும் அதேதான்.

இப்படிக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் பிரதி, முன்பு எடுத்த ரிப்போட்டுகள், பள்ளிக்கூட வரவு விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள், கதை சொல்லும் நேரம் மிச்சம். கிண்ணியா, மூதூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் விசாரியுங்கள், நகரத்துக்கு வரும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சலாம். பிள்ளை சாவதைப் பற்றிப் பேசினால் கிளினிக் நாள் பார்க்கவேண்டாம், எந்த நேரமும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். இரவில் யாரிடமாவது கேட்கவேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. பிள்ளைக்கு யாரோ துன்பம் செய்கிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

இப்போது அவன் முழு நாளும் இருக்கிறான். திங்கட்கிழமைகளில் மட்டும் இன்னும் முகம் சுருங்கும், அதற்கும் ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறான். அக்கா டிசம்பரில் லீவில் வருகிறாள். அந்த மாதக் கிளினிக்குக்கு அவளையும் கூட்டிவரச் சொல்லி டொக்டர் கொப்பியில் எழுதியிருக்கிறார்.